மின்சாணையில் நீலம் பாய்ந்த பட்டைக் கத்தியை மீட்க முடியுமா?

கல்மண்டபத்தான் (இராயபுரம்):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா முப்பது ஆண்டுகளாக மீன் ஆய்வதற்குக் கையாண்டுவரும் கத்தி ஒன்றைப் பற்றி உங்களிடம் யோசனை கேட்க வந்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் அப்போது பட்டறை வைத்திருந்த கொல்லர், லாரிப் பட்டையை (லாரியின் பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகட்டை) உலையில் காய்ச்சி அடித்துக் கொடுத்த கத்தி அது. முதுகு பிடிப்பக்கம் தடித்துத் தொடங்கி, நுனியை நோக்கிச் சீராக மெலிந்துகொண்டே போகும். சுத்தியல் விழுந்த தடங்கள் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. பித்தளைப் பூண் மட்டும் ஒருமுறை மாற்றியிருக்கிறோம். அடித்துக் கொடுத்தவர் காலமாகிவிட்டார்.

சென்ற மாதம் கூர் மழுங்கிவிட்டதென்று கத்தியை ஒரு பட்டறையில் கொடுத்தேன். தண்ணீரே தொடாமல் மின்சாணையில் வைத்துப் பொறி பறக்கப் பிடித்து, இரண்டே நிமிடத்தில் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது, நுனியிலிருந்து நான்கு விரற்கடை நீளத்துக்கு வெட்டுவாயோரம் மயில்கழுத்து நீலம் ஓடியிருந்தது. அன்று வாங்கிவந்த இரண்டு கிலோ சங்கராவை ஆய்ந்து முடிப்பதற்குள் அந்த இடம் மட்டும் மழுங்கி, மீனை அறுக்காமல் நசுக்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு அருவாமனையை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீலம் ஏறிய பகுதியை மீட்க வழி உண்டா? இனி வெளியில் கொடுக்காமல் நானே கல்லில் தீட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். அத்துடன், அலகு முழுவதும் படிந்திருக்கும் கருமையைத் தேய்த்து எடுத்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் விளக்கம் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உலைக்களம் (வியாசர்பாடி):

தம்பி, கத்தி போய்விடவில்லை, கவலைப்பட வேண்டாம். என் தகப்பனார் கொல்லர். துருத்தி ஊதி வளர்ந்தவன் நான். பிறகு ஒரு தொழிற்சாலையில், வெட்டும் கருவிகளுக்குச் சூட்டுப் பதம் வைக்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றேன்.

லாரிப் பட்டையின் எஃகில் கரி (கார்பன்) ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். அதைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தோய்த்தால் கண்ணாடிபோல விறைத்துவிடும். அப்படியே விட்டால் எலும்பில் பட்டதும் வாய் தெறிக்கும். அதனால்தான் மறுபடியும் மெல்லச் சூடேற்றிப் பதம் இறக்குகிறோம். துலக்கிய இரும்பின்மேல் அப்போது ஓடும் நிறம்தான் எங்களுக்கு வெப்பமானி. 220 டிகிரி செல்சியஸையொட்டி வைக்கோல் மஞ்சள் தோன்றும். சூடு ஏற ஏறப் பழுப்பாகி, ஊதாவாகி, 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். மஞ்சள் கத்திக்கு உரிய பதம், நீலம் வில்லுக்கு, அதாவது ஸ்பிரிங்குக்கு, உரிய பதம். மின்சாணையின் சூட்டில் உங்கள் கத்தி அந்த நான்கு விரற்கடையில் மறுபடியும் லாரிப் பட்டையாகிவிட்டது.

எவ்வளவு ஆழத்துக்குப் பதம் போயிருக்கிறது என்பதை ஒரு பழைய அரம் காட்டிக்கொடுக்கும். பிடிப்பக்கத்து வெட்டுவாயில் அரத்தை அழுத்தாமல் வைத்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு நீலம் ஏறிய இடத்தில் அதே கனத்தில் இழுத்துப் பாருங்கள். கெட்டியான எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும்; பதம் இழந்த இடத்தில் கவ்விக்கொள்ளும். அந்த வித்தியாசம் மறையும்வரை வெட்டுவாயைக் கையாலேயே கல்லில் தேய்த்துக் குறைக்க வேண்டும். நிறம் வெறும் மேல்தோல்தான். உப்புத்தாளில் தேய்த்து நீலத்தைப் போக்கிவிட்டால் கேடும் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அடுப்பில் காய்ச்சி நீங்களே தோய்க்கவும் முயல வேண்டாம். நல்ல பதத்தில் இருக்கும் மீதி அலகும் கெட்டுவிடும்.

கல்லுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நைசுமாக உள்ள கார்போரண்டம் கல் பாரிமுனைப் பக்கத்து இரும்புச்சாமான் கடைகளில் கிடைக்கும். 1954-இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் சாணைக்கல் ஆலை நம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது என்பதை இங்கே சொல்ல எனக்குப் பெருமைதான்.

வஞ்சிரம் (காசிமேடு):

அண்ணா சொன்னதற்குமேல் பதத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கல்லில் தீட்டுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நானும் என் தாயாரும் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைப்பவர்கள்.

கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, நகராமலிருக்க அடியில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள். மீன் முள்ளில் இறங்க வேண்டிய கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி கோணம் ஏற்றது. அலகின் அகலம் 5 சென்டிமீட்டராக இருந்தால், முதுகு கல்லிலிருந்து 17 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும்போது அந்தக் கோணம் வரும். வெட்டுவாயோரம் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டு நான்கு முறை தீட்டிப் பாருங்கள். மை கீழ்விளிம்பில் அழியாமல் மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும்.

தொடக்கத்தில் நான் செய்த தவறு, பிசிர் எழும் முன்பே பக்கத்தை மாற்றியது. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்க விளிம்பில் நூலிழைபோல ஒரு பிசிர் சுருண்டு எழும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை வெளிப்புறமாக வழித்தால் அது நெருடும். பிடியிலிருந்து நுனிவரை ஓரிடம் விடாமல் அது நெருடிய பிறகே திருப்ப வேண்டும். கல்மேல் சேரும் கரிய சேற்றைக் கழுவிவிடாதீர்கள், தேய்ப்பதில் பாதி வேலையை அதுதான் செய்கிறது. பிறகு நைசுப் பக்கத்தில் கனத்தைக் குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றித் தீட்டி, கடைசியில் தோல் வாரில் வழித்தால் பிசிர் உதிர்ந்துவிடும். நாளடைவில் கல்லின் நடுவே குழி விழும். சிமெண்டுத் தரையில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தால் அது சமமாகிவிடும்.

என் தாயார் தினமும் சந்தைக்குப் புறப்படும் முன் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்துவிடுவார்கள். இரவில் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பளபளவென்று துலக்கிவிடுவதால், எங்கள் வீட்டில் கருமைக்கே இடமில்லை.

பெரம்பூர்வாசி:

சகோதரி சொன்ன கடைசிச் செய்தியில் மட்டும் நான் வேறுபடுகிறேன். தினமும் துலக்கும் கைக்கு அது சரியாக இருக்கலாம். இடையிடையே ஓய்ந்திருக்கும் வீட்டுக் கத்திக்குக் கருமை இருப்பதே நல்லது. எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருப்பதால் அது தன்னைத்தானே ஒரு படலத்தால் மூடிக்கொள்கிறது. கரி எஃகுக்கு அந்த வசதி இல்லை. வெங்காயமும் வாழைப்பூவும் மீனும் பட்டுப்பட்டு ஏறும் கருமைதான் அதற்குப் போர்வை. நம் கடலோரக் காற்றில் உள்ள உப்புக்கு அந்தப் போர்வை முழுக் காவலாகாது என்றாலும், துருவை அது தாமதப்படுத்தும். சிவந்து பொடியாக உதிர்வதுதான் துரு. அதை அந்த இடத்தில் மட்டும் தேய்த்து எடுங்கள். புளி போட்டு ஊறவைத்தால் துருவோடு கருமையும் போய்விடும்.

என்னிடம் ஜப்பானிய முறையில் செய்த கரி எஃகுக் கத்தி ஒன்று உண்டு. வெள்ளைத்தாள் எஃகு என்று அவர்கள் அழைக்கும் வகையின் இரண்டாம் தரத்தில் கரி 1.05 முதல் 1.15 விழுக்காடு. 15 டிகிரியில் தீட்டினால் தக்காளித் தோல் கத்தியின் சொந்தக் கனத்திலேயே பிளந்துகொள்கிறது. ஆனால் அதைக் கொண்டு வஞ்சிர மீனின் தலையைப் பிளக்க நான் துணிய மாட்டேன். உங்கள் அம்மாவின் கத்தி அதற்கென்றே பதம் பார்த்துச் செய்யப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு இரண்டின்மீதும் ஒரே மரியாதைதான் வருகிறது.

கழுவிய உடனே துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துவிடும். தோலுறையில் போட்டு வைத்தால் உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறும்.

கல்மண்டபத்தான் (இராயபுரம்):

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழித்து எழுதுகிறேன். அரம் வைத்துப் பார்த்தேன்; ஐயா சொன்னபடியே பிடிப்பக்கத்தில் வழுக்கியது, நீலத்தில் கவ்வியது. கல்லில் தேய்த்துத் தேய்த்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறைத்த பிறகு இரண்டு இடத்திலும் ஒன்றுபோல வழுக்குகிறது. வளைவு கெடாமலிருக்க அலகு நெடுகிலும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. கருமையைத் தொடவில்லை, வெட்டுவாயோரம் மட்டும் இப்போது வெள்ளிக் கோடாக மின்னுகிறது.

இன்று காலை அம்மாவிடம் கொடுத்தேன். கட்டைவிரல் நகத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, அருவாமனையை ஓரமாக நகர்த்தி, ஒரு முழு வஞ்சிரத்தையும் அதிலேயே துண்டு போட்டார்கள். முடித்துக் கழுவும்போது, "நுனியாண்ட இன்னும் ரெண்டு இழுப்பு வேணும்" என்றார்கள். கல் ஊறிக்கொண்டிருக்கிறது.