கேஜிஎஃப் சைனைடு மேட்டுல தண்ணி எறங்குறத மாடல் பண்ண உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். கோலார் தங்கவயல் சுரங்கத்த 2001லயே மூடியாச்சு, ஆனா பாறைய அரைச்சு சைனைடு போட்டு தங்கம் எடுத்துட்டு கொட்டின கழிவு மண்ணு, அதான் சைனைடு மேடுங்க, இன்னும் அப்படியே நிக்குது, மழை பெஞ்சா அதுக்குள்ள எறங்குற தண்ணி எதையெல்லாம் கரைச்சு கீழ கொண்டுபோகுதுன்னு என் எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ஹைட்ரஸ் 1டி-ல (மண்ணுக்குள்ள தண்ணியும் கரைஞ்ச உப்பும் எறங்குறத கணக்குப் போடுற சாஃப்ட்வேர்) மாடல் பண்றேன்.

அரைச்ச மண்ணு மாவு மாதிரி நைசா இருக்கு, அதனால தண்ணி மெதுவாதான் எறங்கணும், ஆனா வெயில்ல வெடிச்ச இடம் இருந்தா அது வழியா நேரா உள்ள ஓடிடும்ல? அப்போ எல்லாத்துக்கும் ஒரே வேகம்னு போட்டா சல்ஃபேட், உலோகமெல்லாம் நிலத்தடி தண்ணிக்குப் போய்ச் சேர்ற நேரமே மொத்தமா தப்பாயிடும். கோடையில தண்ணி ஆவியாகுறப்ப உப்பு வேற மேல ஏறி படியும், முதல் மழையில அது திரும்ப கரையும், இத விட்டுட்டு மாடல் பண்றதுல அர்த்தமே இல்லன்னு நினைக்கிறேன்.

டூயல் பெர்மியபிலிட்டி (வெடிப்புக்கு ஒரு வேகம், மண்ணுக்கு ஒரு வேகம்னு தனித்தனியா வெக்கிற முறை) போட்டுப் பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? வெடிப்புக்கும் மண்ணுக்கும் நடுவுல தண்ணி மாறுற வேகத்துக்கு வேல்யூ எப்படி எடுத்தீங்க, லேப்ல column டெஸ்ட் (குழாய்ல மண்ண நிரப்பி தண்ணி விட்டுப் பாக்குறது) பண்ணா போதுமா? சுத்தி ஜனங்க வாழுற இடம், சும்மா ஒரு நம்பர் போட மனசு வரல. தெரிஞ்சவங்க ப்ளீஸ் சொல்லுங்க.