கரஸ்ல (தொலைதூரக் கல்வியில்) படித்தவர்கள் வாங்க, உங்களுக்கு எது கைகொடுத்தது?

கொருக்குப்பேட்டை கிளார்க்:

தம்பி மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது, "பெரியப்பா, கரஸ்ல பி.காம். போடவா? அதெல்லாம் படிச்ச மாதிரி ஆகுமா?" என்று கேட்டாள். "ஆகும்" என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. அதே கரஸில் ஒரு முறை மண்ணைக் கவ்வி, இன்னொரு முறை கரையேறியவன் நான். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள், அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

முதல் முறை 2006. தம்புச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்சியில் வேலை. பீஸ் கட்டி இரண்டு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்து, மோந்து பார்த்து, அட்டை போட்டு அடுக்கினேன். படிப்பு அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து அடுத்து வந்தது ஹால் டிக்கெட்தான். நடுவில் ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. ஐந்து தாளில் இரண்டுக்குப் போனேன், ஒன்றில் தேறினேன். பொருளாதாரப் புத்தகம் ரொம்ப நாள் பீரோவின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை 2013, வேறு இடம். அங்கே அசைன்மென்ட்டுக்கு 30, தேர்வுக்கு 70. அசைன்மென்ட் கொடுக்காவிட்டால் அந்தத் தாள் பாஸே கிடையாது. வேண்டாவெறுப்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப்பதிவியல் அசைன்மென்ட்டை எழுதி சென்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு விடையில் எங்கள் சரக்கு யார்டு வேலையிலிருந்து ஒரு உதாரணம் எழுதியிருந்தேன். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்த தாளில், ஓரத்தில் பென்சிலால் இப்படி இருந்தது: "தேய்மானம் எங்கே? உங்கள் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் இருக்குமே, ஐந்து வருடம் ஓடிய பிறகு வாங்கின விலைக்கு யாராவது எடுப்பார்களா?"

எழுதியவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நான் எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் கவனித்திருக்கிறார். மறுநாள் மணலி யார்டுக்குப் போனபோது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "இன்னா சார் கிண்டலா? மாஸ்ட் செயினே ரெண்டு வாட்டி மாத்தியாச்சு. பழைய இரும்பு வெலைக்குத்தான் போவும்" என்று சிரித்தார். லாப நட்டக் கணக்கில் தேய்மானத்தை அதற்கப்புறம் நான் விட்டதே இல்லை.

இன்னொன்று, நேரக் கணக்கு. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. வாசிப்பது, வகுப்புக்குப் போவது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் சேர்த்துத்தான். செமஸ்டருக்கு 20 கிரெடிட் வைத்தால் 600 மணி நேரம். 26 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 23 மணி நேரம் வரும். கிடைத்த நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று சேருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தேன். காலையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எல்லோரும் திட்டுவார்கள். கூட்ஸ் வண்டி நீளமாக வந்தால் எனக்கு இரண்டு பக்கம் கூடுதல்.

வியாசர்பாடி அக்கா:

அந்தப் பென்சில் கதை என்னை எழுத வைத்துவிட்டது. நான் பி.ஏ. தமிழ். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்கு அப்புறம் சேர்ந்தேன்.

தொலைதூரப் பாடப் புத்தகம் சாதாரணப் புத்தகம் மாதிரி இருக்காது, கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும், இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். நாலு பக்கத்துக்கு ஒரு தரம் கட்டம் கட்டிக் கேள்வி, விடை கடைசியில். முதல் வருடம் முழுக்க அந்தக் கட்டங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கோலம் போடுகிறவள் புள்ளியை விட்டுவிட்டுக் கோடு இழுத்த கதைதான்.

ஒருநாள் ஏழாவது படிக்கிற மகள் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தாள். கையில் அடிஸ்கேல் வேறு. "தப்பும்மா, மறுபடி சொல்லு." மாமியார் முன்னாடி மானம் போனது. ஆனால் அன்றைக்குத் தப்பாகச் சொன்ன ஆறு கேள்வியும் இன்றைக்கு வரை ஞாபகம் இருக்கிறது. புத்தகத்துக்குள்ளே டீச்சரை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், நான்தான் அவரைப் பேசவிடவில்லை.

சந்தேகம் கேட்க ஞாயிறு நடக்கும் கவுன்சிலிங் வகுப்பில் பட்டியலில் நாற்பது பேர், வந்தது ஆறு பேர். அதில் மூலக்கடை, கொடுங்கையூர், பெரம்பூர் என்று மூன்று பெண்கள் எனக்குச் சேர்ந்தார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு, பாத்திரம் கழுவி முடித்த பிறகு, போனில் குரூப் கால். ஒருத்தி ஒரு அலகைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குடைய வேண்டும். கடைசித் தேர்வு அன்றைக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல், போக வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மூலக்கடைக்காரி வீட்டு வாசலில் ஆட்டோவோடு வந்து நின்றாள். "புள்ளைய எங்கம்மா பாத்துக்குவாங்க, நீங்க ஏறுங்கக்கா." அவள் வராவிட்டால் எனக்கு அன்றைக்கே அரியர்.

ரிடயர்டு லோகோ ஒர்க்ஸ்:

தம்பி, நீங்களெல்லாம் புதுசு. சென்னைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் தொடங்கியது 1981இல். நான் 1983இல் சேர்ந்தவன். டெல்லிப் பல்கலைக்கழகம் இதை 1962லேயே ஆரம்பித்துவிட்டது. இக்னோ 1985, நம்முடைய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002.

எனக்கு அதற்கு முன்னாலேயே ஒரு பழக்கம் உண்டு. பெரம்பூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் கற்றேன். பிட்மன் ஷார்ட்ஹேண்ட். அந்த ஐசக் பிட்மன்தான் 1840இல் இங்கிலாந்தில் தபால் கட்டணம் ஒரு பென்னியாகக் குறைந்ததும் சுருக்கெழுத்தைத் தபாலில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். பாடத்தை மட்டும் அனுப்பவில்லை. மாணவர்கள் பைபிள் வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும், அவர் திருத்தி மறுபடி தபாலில் போடுவார். கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு வந்த பென்சில் குறிப்பு அங்கே ஆரம்பித்ததுதான்.

என் கதை சின்னது. ஷிப்ட் மாற்றிப் போட்டுக்கொடுத்த ஃபோர்மேன் ஒருவர் இருந்தார், அதனால் தொடர்பு வகுப்புகளுக்குப் போக முடிந்தது. பட்டம் வந்தது, டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதினேன், மேலே போனேன்.

மிண்ட் பஸ் ஸ்டாண்டு:

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடையில் எழுதிவைத்த அசைன்மென்ட் கிடைக்கும். வாங்கினேன், பார்த்து எழுதினேன். எழுதக்கூட இல்லை, பாதியைத் தங்கச்சி எழுதினாள். உள்மதிப்பெண் எல்லாம் அருமை. தேர்வில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதக் கையும் வரவில்லை, தலையிலும் ஒன்றும் இல்லை. நான்கு அரியர். இரண்டு தாளை இன்னும் தேறவில்லை. தங்கச்சி அதே படிப்பில் சேர்ந்து பாஸ் பண்ணிவிட்டாள், அதுதான் கடுப்பு.

எர்ணாவூர் தம்பி:

நான் ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிக்கிறேன் அண்ணா. 2020இல் தொடங்கிய படிப்பு. உள்ளே போக ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. முதல் நான்கு வாரம் பாடம் நடத்தி, வாராவாரம் அசைன்மென்ட் வைத்து, அதில் தேறினால்தான் தகுதித் தேர்வே எழுதவிடுவார்கள். தேர்வுக்கு நேரில் சென்டருக்குப் போக வேண்டும். வீடியோவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் கெடு கெடுதான். எனக்கு அந்தக் கெடு இல்லாவிட்டால் ஒரு வீடியோகூட ஓடாது. ஒரு தரம் கெடு நாளில் எங்கள் தெருவில் கரண்ட் போய், விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து சப்மிட் பண்ணினேன்.

தண்டையார்பேட்டை ஸ்டோர் கீப்பர்:

நல்ல கதையாகவே போகிறது, ஒரு கெட்ட கதையும் இருக்கட்டும். என் மச்சான் பத்தாவதோடு நின்றவர். "ஒரே வருஷத்துல டிகிரி" என்று போஸ்டர் ஒட்டிய ஒரு ஏஜென்ட்டிடம் பணம் கட்டினார். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் சான்றிதழ் வந்தது. ஒரு புத்தகம் வந்ததில்லை, ஒரு தேர்வு எழுதியதில்லை. கம்பெனியில் சரிபார்ப்புக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அந்த ஏஜென்ட் கடை இப்போது மொபைல் கவர் கடை.

தெரியாதவர்களுக்காக: தொலைதூரப் படிப்பு நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவான டிஇபி அனுமதி வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்தில் பார்க்க வேண்டும். இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங், சட்டம் எல்லாம் தொலைதூரத்தில் கிடையாது, எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். முறையாக அனுமதி வாங்கிய தொலைதூரப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யூஜிசி அறிவித்திருக்கிறது. ஆனால் வரிசை தப்பக்கூடாது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்து, பிளஸ் டூ முடித்து வாங்கிய பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று தமிழ்நாடு அரசும் அதே வருடம் ஆணை போட்டது. மச்சான் இப்போது தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருக்கிறார், 38 வயதில்.

ஞாயிறு வகுப்பு டீச்சர்:

மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கேளுங்கள். வார நாட்களில் கல்லூரியில் பாடம், ஞாயிறு கவுன்சிலிங் வகுப்பு எடுக்கிறேன்.

இந்த வகுப்பு பாடம் நடத்துவதற்கு இல்லை. நீங்கள் படித்துவிட்டு வந்து, எங்கே முட்டிக்கொண்டீர்கள் என்று சொல்ல வேண்டும், அதை உடைத்துக்கொடுப்பதுதான் என் வேலை. முக்கால்வாசிப் பேர் பார்சலைப் பிரிக்காமலே வருவார்கள், நானும் வேறு வழியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு புத்தகத்தை எப்படி நடத்துவது? அவர்களும் "ஒண்ணும் புரியல" என்று அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள்.

அசைன்மென்ட் விஷயம். மார்க் போட ஐந்து நிமிடம் போதும். ஏன் அந்த மார்க் என்று எழுத இருபது நிமிடம் ஆகும். கட்டு கட்டாக வரும்போது நானும் வெறும் டிக் போட்டுத் தள்ளிய நாட்கள் உண்டு, மறைக்கவில்லை. ஒரு மாணவர் கட்டட வேலைக்குப் போகிறவர், சிமெண்ட் கறையோடு தாள் இருக்கும். ஒருநாள் நேரே கேட்டுவிட்டார்: "மேடம், ஆறு மார்க் போட்டிருக்கீங்க, மிச்சம் நாலு எங்க போச்சு?" பதில் சொல்ல அவர் விடையை நான் மறுபடி முழுசாகப் படிக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து குறைந்தது ஒரு வரியாவது எழுதுகிறேன். இன்னொன்று, அது தேர்வுக்கு முன்னால் உங்கள் கைக்கு வர வேண்டும். தேர்வு முடிந்து வருகிற திருத்தம் பொட்டலம் கட்டத்தான் ஆகும். கடைசித் தேதிவரை காத்திராமல் ஒரு மாதம் முன்னாலேயே கொடுங்கள், வாங்கும்போது என்ன தப்பு என்று கேளுங்கள். கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லாமல் விடுவதில்லை.

கொருக்குப்பேட்டை கிளார்க்:

எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஸ்கேல் வைத்த மகளைக் கேட்டுச் சிரித்தாள். டிஇபி தளத்தில் அவளே தேடி இரண்டு இடம் குறித்து வைத்திருக்கிறாள். ஒரே சிக்கல், துணிக்கடையில் ஞாயிறுதான் கூட்டம், லீவு செவ்வாய்க்கிழமை. வார நாளில் வகுப்பு நடக்கும் சென்டர் நம் பக்கம் யாருக்காவது தெரியுமா?

வியாசர்பாடி அக்கா:

சென்டர் தெரியாது அண்ணே. அவள் நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். ராத்திரி ஒன்பதரை கால் இன்னும் நடக்கிறது, இப்போது எம்.ஏ.வுக்கு. பி.காம். படிக்கிற பெண் ஒருத்தி போன மாதம்தான் வந்து சேர்ந்தாள், தனியாக முழித்துக்கொண்டிருக்கிறாள்.