மூன்றாம் நாள் ராத்திரி முட்டையைப் பிய்த்த தாய் நண்டு

உவர்நீர்:
மீன் எண்ணெய் காறிப்போய்விட்டது. அந்தத் தடவை மட்டும் சோயா எண்ணெய் ஊற்றித் தீவனம் பிசைந்தேன். ஆறு தாய் நண்டு, எல்லாமே களிநண்டு. ஐந்தாவது வாரம் ஒன்று முட்டை விட்டது. வயிற்று மடல் நிறைய ஆரஞ்சு முட்டை. மூன்றாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால், கால் நுனியால் தன் முட்டையைத் தானே பிய்த்துக்கொண்டிருக்கிறது! கொத்துக் கொத்தாக அடியில் விழுகிறது. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. எண்ணெய்தான் காரணமா?

மணல்தொட்டி:
எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். அடியில் மணல் போட்டீர்களா? மணல் இல்லாத தொட்டியில் எனக்குப் பாதி முட்டைக்கு மேல் தாயின் மடலில் ஒட்டவே இல்லை.

ஐந்தாம்ஜோயியா:
மணல் இல்லையென்றால் முட்டை விடும்போதே உதிரும். இவருக்கு ஒட்டி, மூன்று நாள் இருந்திருக்கிறதே! எனக்கு நடந்தது வேறு. முட்டை கறுத்து, ஒழுங்காகப் பொரிந்தது. ஆனால் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி மேலே வரவில்லை. அடியிலேயே துடித்துக் கிடந்தன. அதுவும் தாவர எண்ணெய் கொடுத்த தாய்தான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சோயா எண்ணெயில் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் கிடையாது. நண்டு தானாகப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. கொலஸ்ட்ராலும் அப்படித்தான், தீனியில் வந்தால்தான் உண்டு. லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளையும் விட்டுவிடாதீர்கள். செரிமானச் சுரப்பியில் சேர்ந்த கொழுப்பு சினைக்குப் போய்ச் சேர அது வேண்டும். கணவாய், மட்டி, கடல்புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். புழுவில் அராகிடோனிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் நன்றாக இருக்கும். அதற்காக எண்ணெயை அள்ளி ஊற்றவும் கூடாது. காறின எண்ணெயைத் தூக்கிப் போட்டது சரி, அதில் தப்பே இல்லை. முக்கியமாக, சினை முற்றும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். முட்டை வெளியே வந்தபின் தாய்க்கு என்ன கொடுத்தாலும் மஞ்சள் கருவுக்குள் போகாது.

மணல்தொட்டி:
பூஞ்சை பிடித்த முட்டையையும் தாய் பிய்த்துப் போடும். முட்டையை எடுத்துப் பார்த்தாரா? பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

உவர்நீர்:
மணல் இருந்தது. ஒரு சாண் ஆழம். பூஞ்சை பார்க்கவில்லை, அது என் தவறு. நேற்றிலிருந்து மற்ற ஐந்துக்கும் கணவாயும் மட்டியும். ஆனால் ஒன்றுக்கு, ஓடும் மடலும் சேரும் இடத்தை அழுத்தினால் இப்போதே ஆரஞ்சு தெரிகிறது. சோயா தின்று நிறைந்த சினை. அதற்கு இனிமேல் கொடுத்துப் பயன் உண்டா?