ஜெர்மன் சிவப்பு முட்டைகோஸ் நீலமாப் போயிருச்சு. என்ன தப்பு?

பாம்பன் அக்கா:
எங்க மூத்தவ ஜெர்மனியில நர்ஸு. மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர், பவேரியா பக்கம். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் வாராக. அங்க பண்டிகைக்கு வாத்துக் கறியோட சிவப்பு முட்டைகோஸை இனிப்பும் புளிப்புமா வேகவச்சு வைப்பாகளாம். அதைச் செஞ்சு வச்சு அசத்தணும்னு எனக்கு ஆசை. மககிட்ட கேட்டா விஷயம் வெளிய வந்துரும், அதான் இங்க கேக்குறேன்.

நேத்து ஒத்திகை பாத்தேன். ராமநாதபுரத்துல இருந்து ஊதா கோஸ் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி, மெல்லுசா அரிஞ்சு, வெங்காயம் வதக்கி, ஆப்பிள், கிராம்பு, பிரிஞ்சி இலை, சீனி எல்லாம் போட்டு, போர்த் தண்ணி ஊத்தி மூடி வச்சேன். அரை மணியில வெந்துருச்சு, ஆனா திறந்தா, புது நைலான் வலை மாதிரி நீலம்! வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு, "சாயம் காய்ச்சுறியா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. கடைசியில ஒரு ஸ்பூன் வினிகர் விட்டேன். விட்ட இடம் மட்டும் திட்டுத் திட்டாச் செவந்துச்சு.

இன்னொரு குழப்பம். மாப்பிள்ளை போன்ல இதை 'நீல முட்டைகோஸ்'னுதான் சொல்வாரு. அப்ப நான் செஞ்சதுதான் சரியா?

கீழக்கரை கப்பல்காரர்:
சரியில்ல தங்கச்சி. பவேரியாவுல அதுக்குப் பேரு 'பிளாவ்கிராவ்ட்', வடக்க 'ரோட்கோல்'. ஒருத்தர் நீலம்பாரு, ஒருத்தர் சிவப்பும்பாரு, சட்டியில இருக்கறது ஒண்ணுதான். தட்டுல வர்றப்ப நல்ல கருஞ்சிவப்பா இருக்கணும். நான் கப்பல் அடுப்படியில நின்ன காலத்துல ஒரு ஜெர்மன் சீஃப் குக்கு கிட்ட கத்துக்கிட்டது இது. அந்த மனுசன் கோஸை அரிஞ்ச உடனே, அடுப்பு பத்தவைக்கிறதுக்கு முன்னாடியே வினிகரை ஊத்திப் பிசறிருவாரு.

ஒரு கிலோ கோஸுக்கு நாலு டேபிள்ஸ்பூன் வினிகர், ரெண்டு ஸ்பூன் சீனி, புளிப்பான பச்சை ஆப்பிள் ரெண்டு, கிராம்பு நாலு. அவுக போடுற இலை வேற ஜாதி. நம்ம பிரிஞ்சி இலையில பட்டை வாசம் தூக்கும், ஒண்ணு போதும். சின்னத் தீயில ஒண்ணேகால் மணி நேரம். தண்ணி ஒரு டம்ளர்தான், காஞ்சா மட்டும் கொஞ்சம் தெளிங்க. அவுக ஒயின் ஊத்துவாக. எங்க வீட்டுல அது கிடையாது, கருப்புத் திராட்சைச் சாறு ஊத்துறோம். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அரிச்சிரும்.

ஒண்ணு கேக்கணும். சோடா ஏதும் போட்டீகளா? அரை மணியில வெந்துச்சுன்னு சொல்றது இடிக்குது.

தேவிபட்டினம் டீச்சர்:
அந்தக் கோஸுல ஆந்தோசயனின்னு ஒரு நிறமி இருக்கு. புளிப்புல சிவக்கும், சோடா மாதிரிக் காரத்துல (மிளகாய்க் காரம் இல்ல) நீலமாகும், காரம் ரொம்ப ஏறினா பச்சைக்கே போயிரும். பள்ளிக்கூடத்துல லிட்மஸ் தாள் தீர்ந்துட்டா நான் இந்தக் கோஸ் சாறை வச்சுத்தான் சமாளிப்பேன். நம்ம கடலோரத்து உவர்த் தண்ணி பல இடத்துல காரமாத்தான் இருக்கும். மூணு டம்ளர்ல கோஸ் சாறை விட்டு, ஒண்ணுல எலுமிச்சை, ஒண்ணுல உங்க போர்த் தண்ணி, ஒண்ணுல காவிரிக் குடிதண்ணி ஊத்திப் பாருங்க. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பாம்பன் அக்கா:
போட்டேன் அண்ணே. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. கோஸ் ரப்பர் மாதிரி இருந்துச்சா, கொண்டைக்கடலைக்குப் போடுற மாதிரி போட்டுட்டேன். முதல்ல எழுத வெக்கமா இருந்துச்சு. டீச்சர் சொன்ன டம்ளர் வேலையும் பண்ணினேன். எலுமிச்சை விட்டது ரோஸு, போர்த் தண்ணி விட்டது நீலம். பேரன் டம்ளரை வச்சுக்கிட்டு இன்னும் விட மாட்டேங்குறான்.

கீழக்கரை கப்பல்காரர்:
அதான பாத்தேன்! சோடா கோஸைச் சீக்கிரம் குழைய வைக்கும், வினிகர் சீக்கிரம் குழைய விடாது. நேரம் ஆகத்தான் செய்யும், அவசரப்படாதீக.

முனிச் தமிழன்:
முதல் நாளே செஞ்சு வச்சிருங்க அக்கா. இங்க மறுநாள் சுடவச்சுத்தான் பல வீட்டுல சாப்பிடுவாங்க, புளிப்பு உள்ள இறங்கி ருசி கூடும். கூடவே உருளைக்கிழங்கு உருண்டை வைப்பாங்க. ரெட்கரண்ட்னு ஒரு சின்னச் சிவப்புப் புளிப்புப் பழத்து ஜெல்லியும் கடைசியில சேர்ப்பாங்க. அது உங்களுக்குக் கிடைக்காது, கிடைக்கலைன்னாலும் குடி முழுகிறாது.

பாம்பன் அக்கா:
இன்னைக்கு ரெண்டாவது ஒத்திகை. குடிதண்ணி, வினிகர் முதல்ல, சோடா இல்ல. ஒண்ணரை மணி நேரம் பிடிச்சுச்சு, நல்ல நாவப்பழக் கலர். ஆப்பிள் கரைஞ்சு போச்சு, அது சரிதானே? சீனிக்குப் பதிலா கொஞ்சம் கருப்பட்டி போட்டேன். ருசி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கலர் கொஞ்சம் மங்குது. பண்டிகைக்குச் சீனிதான்.

வீட்டுக்காரர் மீன் குழம்புச் சோத்துக்குத் தொட்டுக்கிட்டுச் சாப்பிட்டாரு. ஒண்ணும் சொல்லல, ஆனா ரெண்டாவது தடவை கேட்டாரு.

எண்ணெய்க்குப் பதிலா வாத்துக் கொழுப்புல வதக்குவாகன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். அது எங்க கிடைக்கும்?

கீழக்கரை கப்பல்காரர்:
எங்கயும் தேட வேண்டாம். வாத்துத் தோலைத் துண்டு போட்டு, அரை டம்ளர் தண்ணியோட சின்னத் தீயில வைங்க. தண்ணி வத்தினதும் கொழுப்பு உருகி நிக்கும், வடிச்சு எடுத்துக்கங்க. மிஞ்சுற மொறுமொறு தோல்ல உப்புத் தூவி அந்தப் பேரன் கையில குடுங்க, டம்ளரை விட்டுருவான்.