“இவீங்களுக்கெல்லாம் பென்சன் உண்டுங்களா?”

“ஏங்கண்ணு, இத்தன பட்டாளத்த ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறயே, ரேசன் கார்டுல பேரு சேத்தீட்டயா?”

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பெரியப்பா என் ஷோகேஸைப் பார்த்ததும் கேட்டது இது. பொம்மைப் போர்வீரர்களைச் சேர்க்கிறவர் கொங்கு நாட்டில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இதில் ஏதாவது ஒரு ரகத்தைக் கேட்டிருப்பார். “இவீங்களுக்கெல்லாம் பென்சன் உண்டுங்களா?” என்று ஈரோட்டு நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். “இத்தன பேரு காவலுக்கு நின்னும் கேஸ் சிலிண்டர் திருட்டுப் போச்சே மச்சான்” என்று திருப்பூர்க்காரரின் மைத்துனர் துக்கம் விசாரித்திருக்கிறார். விலையைக் கேட்டுவிட்டால் கணக்கு வேறு மாதிரி போகும். இந்தக் காசுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டிருந்தால் மாடு எத்தனை படி எச்சாகக் கறந்திருக்கும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் சிலர் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமையில் கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்குள் இந்தக் கதைகள் ஆரம்பித்துவிடும். எனக்கு இந்தக் குசும்பின் மேல் கோபம் கிடையாது. கேலி பண்ணுகிறவர்தான் கிட்டே வந்து பார்க்கிறார், கையில் எடுத்துக் கேட்கிறார். “நல்லாருக்குங்க” என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்புகிறவரோடு பேச ஒன்றுமில்லை. கேலியில் தொடங்கிய பேச்சு எங்கெல்லாம் போய் முடிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் சின்ன மாமனார் கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் வெகுகாலம் பவுண்டரி நடத்தியவர். பம்ப் பாடியும் இம்பெல்லரும் ஊற்றியே தலை நரைத்தவர். வீட்டுக்கு வந்தவர் ஷோகேஸைப் பார்த்துச் சிரித்தார்.

“ஈயத்த உருக்கி ஊத்துனதுதானுங்களே மாப்ள? எங்க பசங்க டீ டைம்ல பண்ணிப் போட்டுருவானுங்க.”

நான் பதில் சொல்லவில்லை. பழைய பிரிட்டன்ஸ் கம்பெனிச் சிப்பாய் ஒருவனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். சிவப்புக் கோட்டு, கரடித்தோல் தொப்பி, 54 மில்லிமீட்டர் அளவு. கையை இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“வெயிட்டே காணமே. உள்ள கூடுங்களா?”

“ஆமாங்க மாமா.”

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்போரமாக ஓடும் மெல்லிய அச்சுக் கோட்டை நகத்தால் தடவினார்.

“அச்சு ரெண்டு பாதி. அது தெரீது. கோர் எங்கீங்க உக்காந்துச்சு?” உள்ளே கூடு விழுவதற்காக அச்சின் நடுவில் வைக்கிற உருவைத்தான் கோர் என்பார்கள்.

“கோரே இல்லீங்க மாமா.”

லண்டனில் வில்லியம் பிரிட்டன் ஜூனியர் 1893-ல் கொண்டுவந்த முறை அது. அதுவரைக்கும் சந்தையில் பெரும்பாலும் ஜெர்மன் பொம்மைகள், உள்ளே கட்டியாக இருக்கும். பிரிட்டன் என்ன செய்தார் என்றால், உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, அச்சைத் தொட்ட ஓரம் மட்டும் உறைகிற அந்தக் கணத்தில் அச்சைக் கவிழ்த்து, நடுவில் இன்னும் உருகியே இருப்பதை வெளியே ஊற்றிவிட்டார். மிஞ்சுவது மெல்லிய ஓடு. உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. ஜெர்மன்காரர்களால் அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

மாமா காலி அச்சு ஒன்றைப் பிடித்திருப்பவர் போல ஜன்னலோரத்தில் நின்று மணிக்கட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். மறுபடியும் கவிழ்த்தார்.

“கொஞ்சம் முந்துனா ஓடு நிக்காது. கொஞ்சம் பிந்துனா கட்டியாப் போயிரும். அச்சு சூடு ஏற ஏற நேரமும் மாறிக்கிட்டே இருக்கும். ஊத்துனவன் கை நல்ல கைங்க மாப்ள.” கொஞ்ச நேரம் கழித்து, “வெறும் ஈயம்னா மூக்கு முழி இந்தளவு ஏறாது. என்ன கலந்தாங்க?” என்றார்.

வெள்ளீயமும் ஆன்டிமனியும் என்றேன். “அட, நம்ம ஒயிட் மெட்டல் பேரிங் சங்கதி!” என்று சத்தமாகச் சொன்னவர், சமையலறையில் இருந்த அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். நூறு வருஷத்துக்கு முன் லண்டனில் ஊற்றியவனின் கைவேலையைக் கணபதிக்காரர் ஒருவர் கையில் எடுத்த மாத்திரத்தில் படித்துவிட்டார். என்னிடம் இருக்கும் புத்தகங்களில் எதுவும் அந்த மணிக்கட்டு அசைவை எனக்குக் காட்டியதில்லை.

அக்கா பையன் வேறு வகை. கல்லூரியில் படிக்கிறான். நான் ஒரு சிப்பாய்க்குத் தலைப்பாகை செய்துகொண்டிருந்தபோது, “மாமா, ஒரு தலப்பாவுக்கு ராத்திரி பூரா உக்காந்திருக்கீங்களே, நேர்ல கட்டுனாலே அஞ்சு நிமிசந்தான்” என்றான். கொண்டைக்கடலை அளவுதான் அந்தத் தலைப்பாகை. பிசைந்து வைத்தால் இறுகிப்போகும் எபாக்சி புட்டியை இழையாக உருட்டி, ஊசி முனையால் மடிப்பு மடிப்பாக வைக்க வேண்டும்.

நான் செய்துகொண்டிருந்தது ஓடாநிலைக் காட்சி. நெப்போலியன் போருக்கு எத்தனை வகைப் பெட்டி வேண்டுமானாலும் கிடைக்கும். தீரன் சின்னமலையின் போருக்கு நான் கடையில் ஒரு பெட்டியும் பார்த்ததில்லை. வேறு பொம்மையை வாங்கி, வெட்டி, ஒட்டி, உடையை மாற்றித்தான் செய்ய வேண்டும். அதில் எனக்குப் பெருமை உண்டு. நம் மண்ணில் நடந்த சண்டையை நாம் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

அவனுக்கு அந்தத் தலைப்பாகையின் கதையைச் சொன்னேன். சின்னமலை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மோதியது 1801 முதல் 1804 வரை. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மதராஸ் படையில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி, தோல் குஞ்சம் வேறு. நெற்றியில் குறி கூடாது, காதில் தோடு கூடாது, தாடி கூடாது என்று கூடவே உத்தரவும் போட்டார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு அந்தத் தொப்பி ஒரு முக்கியமான காரணம். ஆகவே ஓடாநிலையில் நிற்கிற சிப்பாய்க்கு அந்தப் புதுத் தொப்பியை மாட்டினால் காட்சியே பொய். மேலே சிவப்புக் கோட்டு, கீழே முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, காலில் செருப்பு, தலையில் பழைய தலைப்பாகை. அப்படித்தான் அவன் நிற்க வேண்டும்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்ப சின்னமலை தலையில என்ன மாமா?” என்றான். சரியான கேள்வி. இன்றைக்கு நாம் பார்க்கிற சிலைகள் எல்லாம் பிற்காலத்தில் வைத்தவை. அவற்றை மட்டும் நம்பி உடையை முடிவு செய்ய முடியாது. அவர் உருவத்தை நான் இன்னும் தொடவில்லை. அவனே இப்போது நூலகத்தில் தேடிக்கொண்டிருக்கிறான்.

திருப்பூர் நண்பருக்கு வந்த கேள்வியில் கேலியோடு உறுத்தலும் இருந்தது. கேட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், இன்றும் கதர் கட்டுகிறவர். “கொடியப் புடிச்சுட்டு அடி வாங்கிச் செத்த குமரன் ஊருங்க இது. இங்க உக்காந்து துப்பாக்கிப் பொம்மைய அடுக்கறீங்களே தம்பி?”

இந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். பொம்மையை வைத்துப் போரை அழகாகக் காட்டிவிட முடியும் என்பது உண்மை. நண்பர் வாதாடப் போகவில்லை. 1932 ஜனவரி ஊர்வலத்தையே செய்துவிட்டார். கொடியோடு குமரன், சுற்றிலும் தடியோடு போலீஸ். முடித்ததும் அந்த ஆசிரியரையே கூப்பிட்டுக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். முதலில் சொன்னது, “கொடி தப்புங்க தம்பி.” நண்பர் பழக்கத்தில் நடுவில் அசோகச் சக்கரத்தை வரைந்திருந்தார். அது 1947-ல் வந்தது. 1931-ல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவர்ணக் கொடியில் நடுவே ராட்டை. அரிசி அகலத்துக் கொடியில் ராட்டை வரைவது லேசான காரியமில்லை. சைபர் நம்பர் பிரஷ்ஷின் நுனி மயிரில் அவர் ராட்டையை வரைந்து முடிக்கும்வரை ஆசிரியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

சிரிக்காமலே பார்த்தவர் ஒருத்தர் உண்டு. என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதையை விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர். அவருக்குச் சின்னச் சின்னப் பட்டாளம் புதுசே இல்லை. நேராக, “இதுல பொன்னரு யாரு, சங்கரு யாரு கண்ணு?” என்று கேட்டார். இரண்டு பேரைக் காட்டினேன். படுகளம் எங்கே என்று கேட்டார்.

இனிச் சொல்லப் போவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

கோபிசெட்டிபாளையத்து நண்பர் ஒருவரிடம் அருமையான பழைய ஈயப் பொம்மைகள் இருந்தன. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுச் சனம் ஒரு விசேஷத்துக்குக் கூடியிருந்தபோது நாலு பேர் நாலு விதமாகப் பேசிவிட்டார்கள். “மாப்ளைக்குக் கிலுகிலுப்பை வாங்கிக் குடுங்க” என்ற அளவுக்குப் போயிருக்கிறது. கூச்ச சுபாவம் உள்ள மனிதர். மறுநாளே எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, மரப்பெட்டியில் போட்டு மூடி, பரணில் ஏற்றிவிட்டார். வருஷங்கள் கழித்து எங்களுக்குக் காட்டத் திறந்தபோது நானும் கூட இருந்தேன். தாளைப் பிரித்தால் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி கொட்டியது. குதிரைக்குக் கால் இல்லை. தளபதியின் முகத்தில் பெயிண்ட் மட்டும் தோலாக நின்றது, அடியில் உலோகம் உப்பி உதிர்ந்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. பொடியைக் கையால் கூட்டப் போனவரை நாங்கள்தான் தடுத்தோம்.

மரமும் அட்டையும் தாளும் மெதுவாக அமில ஆவியை வெளியிடும், முக்கியமாக வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலம். பெட்டியை இறுக்கி மூடினால் அந்த ஆவி உள்ளேயே தங்கும். ஈரமும் சேர்ந்தால் ஈயத்தை அரித்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து வெள்ளைக் கார்பனேட்டாக்கிவிடும். தேக்காவது பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம், பிளைவுட்டும் எம்டிஎஃப் பலகையும் நம்பக்கூடியவை அல்ல. அந்தப் பொடி விஷம். வாயால் ஊதக் கூடாது, காய்ந்த துணியால் தட்டக் கூடாது. கையுறையும் மாஸ்க்கும் போட்டு ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழந்தை இருக்கிற வீட்டில் ஈயப் பொம்மை கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கவே கூடாது. இதை உங்கள் மாமியார் சொன்னால் அவர் சொல்வது சரி. பிரிட்டன்ஸ் கம்பெனியே 1966-ல் ஈயத்தை விட்டுவிட்டது.

ஷோகேஸுக்கு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும், காற்றுப் போக ஒரு சந்தும், மூலையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். புதிதாகச் செய்யச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடி ஒட்டுகிற சாதாரண சிலிகான் பசை காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அதுவும் அதே அமிலம்தான். நியூட்ரல் வகைப் பசையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நெடி முழுக்கப் போகும்வரை உள்ளே ஒன்றையும் வைக்காதீர்கள். கேலிக்குப் பயந்து மரப் பீரோவுக்குள் ஒளித்து வைத்திருப்பவர்கள் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். முதலில் காலடியையும் முகத்தையும் பாருங்கள்.

கோபி நண்பரிடம் தப்பித்தவை இப்போது கூடத்தில், வாசலைப் பார்த்தாற்போல் கண்ணாடிக்குள் நிற்கின்றன. போன பொங்கலுக்கு மாமனார் வந்து சோபாவில் உட்கார்ந்தவர், “மாப்ள, தளபதிக்கும் ஒரு காப்பி சொல்லட்டுங்களா?” என்றிருக்கிறார். “அவருக்குச் சக்கரை வேண்டாங்க மாமா” என்று இவர் சொல்ல, மாமனார் எழுந்து வந்து, அந்தத் தளபதி எந்த நாட்டுக்காரர் என்று விசாரித்தாராம்.