ஹயஸ் வானுக்குப் பின்னால் பல்சரை ஏற்றிக்கொண்டு போகலாமா?

மாங்குளத்தான்:
படுக்கையும் சின்ன அடுப்பும் போட்ட ஹயஸ் ஒன்று வைத்திருக்கிறேன். பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று ஒரு கிழமை சுற்ற யோசனை. ஓரிடத்தில் நிறுத்தினால் பாண் வாங்கப் போவதற்கும் படுக்கையை மடித்து, சாமானைக் கட்டி, வானைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் பின்னால் இரும்புத் தட்டுப் போட்டு பல்சர் 150 மோட்டார் சைக்கிளை ஏற்றலாமா என்று பார்க்கிறேன். வெல்டிங் கடைக்காரர் பின் பம்பரிலேயே ஒட்டித் தருகிறேன் என்கிறார். செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகள் வருகிற வாகனம், பயமாக இருக்கிறது.

கராஜ் அண்ணை, கிளிநொச்சி:
தம்பி, பம்பரில் ஒட்ட விடாதீர்கள். அது மெல்லிய தகடு, பாரம் தாங்கச் செய்ததில்லை. தட்டின் கால் இரண்டும் வானின் அடிச்சட்டத்துக்குப் போக வேண்டும், தடித்த தகடு வைத்துப் போல்ட் போட்டு.

அதைவிடப் பெரிய விஷயம் பாரம். பல்சர் கிட்டத்தட்ட 145 கிலோ, தட்டு 35 என்று வையுங்கள், மொத்தம் 180. அந்தப் பாரம் பின் அச்சிலிருந்து ஒன்றரை மீற்றர் பின்னுக்குத் தொங்குகிறது, இரண்டு அச்சுக்கும் இடைவெளி இரண்டரை மீற்றர். கணக்குப் பார்த்தால் பின் சில்லுகளில் 288 கிலோ கூடும், முன் சில்லுகளில் 108 கிலோ குறையும். துலாவில் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் கிளம்புகிற மாதிரித்தான். முன் பக்கம் இலேசானால் ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் போகும், பிறேக்கில் பெரும்பகுதி வேலை செய்வது முன் சில்லு என்பதால் அதுவும் குறையும், லைற்றும் மேலே தூக்கி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். இரவில் ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும் இடங்கள் உங்களுக்குத் தெரியாததா?

ஆட்கள், தண்ணீர்த் தாங்கி, சாமான் எல்லாவற்றோடும் நெல் ஆலையில் லொறி நிறுக்கிற தராசுக்குக் கொண்டுபோய் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக நிறுங்கள். வானின் புத்தகத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் போட்டிருக்கும் அளவைத் தாண்டினால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

நெடுங்கேணிப் பெடியன்:
அண்ணை சொன்னது சரி. நான் கட்டுகிற விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் பிழை விட்டேன். நைலோன் கயிற்றை ஹான்டில் ரப்பரில் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கம் போனபோது, ஒரு கிடங்கில் வான் விழுந்து எழும்ப ரப்பர் சுழன்று, கயிறு தளர்ந்து, மோட்டார் சைக்கிள் சாய்ந்து வானின் பின் லைற்றை உடைத்துவிட்டது. பின்னால் யாரும் வராதது என் நல்ல காலம்.

இப்போது ராட்செட் பட்டி (கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற நாடா) நான்கு, நான்கு மூலைக்கும். முன் இரண்டையும் முன் போர்க்கின் கீழ்த் தகட்டில் மாட்டி, சொக் பாதியளவு அமுங்கும் வரை இறுக்குவேன். முழுக்க அமுக்கினால் ஒயில் சீல் போய்விடும். சைட் ஸ்டாண்டை மடித்துவிட வேண்டும், அதில் நிறுத்திக் கட்டினால் அது வளைந்துவிடும். முன் சில்லு இரும்புக் கவ்வைக்குள் இருக்க வேண்டும். முதல் 10 கிலோமீற்றரில் இறங்கிப் பாருங்கள், எப்படியும் ஒரு பட்டியாவது தளர்ந்திருக்கும்.

பரந்தன் சந்தி:
ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஹயஸின் பின் கதவு மேலே திறப்பது, மோட்டார் சைக்கிள் நின்றால் அது திறக்காது. உள்ளே பிள்ளைகள் படுக்கிறார்கள், அடுப்பும் இருக்கிறது. தட்டு பக்கவாட்டில் விலகித் திறக்கும்படி செய்யுங்கள், முடியாவிட்டால் பக்கக் கதவு எந்த நேரமும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். நம்பர் பிளேட்டும் லைற்றும் மறைந்தால் வேறு போட வேண்டும். மாற்றம் செய்யமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மாங்குளத்தான்:
எல்லோருக்கும் நன்றி. பின் கதவு விஷயம் என் மூளைக்கு எட்டவே இல்லை, வாசித்ததும் நெஞ்சு திக்கென்றது. வெல்டிங் கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ஆலைக்குப் போய் வானை நிறுத்துப் பார்க்கிறேன். பாரம் கூடினால் பல்சரை வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளையின் சைக்கிளைக் கூரையில் கட்டிக்கொண்டு போகிறோம், பாண் வாங்க அது போதும்.