புளியரை தேங்காய்க் கிடங்குக்கு எந்த கேமரா சரிப்படும்?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். புளியரை சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம்தான் எங்கள் தேங்காய்க் கிடங்கு. கொல்லம் போகிற லாரிகள் ராத்திரிதான் லோடு ஏற்றும். போன மாதம் இரண்டு மூட்டை குறைந்தது. டிவிஆரை (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) போட்டுப் பார்த்தால், கேமரா முன்னால் சிலந்தி வலை. அதில் சாரல் துளி தங்கி, இருட்டில் படமெடுக்க கேமரா வீசும் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பட்டு, படம் முழுக்க வெள்ளைப் புகை. ஓரத்தில் யாரோ ஒருவரின் செருப்புக்கால் மட்டும் தெரிகிறது. செருப்பை வைத்து யாரைப் பிடிக்க?

சரி, புதிதாகவே நாலு கேமரா போடலாம் என்று முடிவு. கேட் 120 மீட்டர் தள்ளி இருக்கிறது, குழப்பமே அங்கேதான். நெட்வொர்க் வயரில் ஓடும் ஐபி கேமரா என்றால் அதற்கான Cat6 வயர் 100 மீட்டர்தான். நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் வேண்டும். படமும் மின்சாரமும் சேர்ந்து போகிற பழைய 3+1 வயரிலேயே எச்டி கேமரா போட்டால் படம் வரும், ஆனால் 12 வோல்ட் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடுகிறது. இருட்டி இன்ஃப்ராரெட் எரிந்ததும் இப்போதுள்ள கேமரா அணைந்து அணைந்து வருவது அதனால்தான். கேட்டிலேயே தனி அடாப்டர் வைத்தவர்கள் உண்டா? இடி மின்னலுக்குத் தாங்குகிறதா?

அப்புறம் ஹார்ட் டிஸ்க். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் (எம்பிபிஎஸ்) பதிவு என்றால் ஒரு நாளைக்கு 21 ஜிபி. நாலுக்கும் சேர்த்து 1 டிபி 12 நாள்கூடத் தாங்காது. ஒரு மாதப் பதிவுக்கு 4 டிபி வாங்கலாம் என்றிருக்கிறேன். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்கே போதும் என்கிறார் கடைக்காரர். இரவு பகலாக எழுதுகிற வேலைக்கு அது சரிவருமா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

லாரி நம்பர் ஹெட்லைட் வெளிச்சத்திலும் தெரிய, கேமராவை எந்த உயரத்தில் வைத்தீர்கள்? முடிந்தால் உங்கள் ராத்திரிப் படம் ஒன்று போடுங்கள்.